தட்டோரத்து மாத்திரை

ஜனவரி 22, திங்கள்

அண்ணனை இன்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். தலையில் பெரிய கட்டு. ஆட்டோவிலிருந்து இறங்கியவன் வீட்டைப் பார்க்கவில்லை, எதிரே நின்ற மின்கம்பத்தையும் அதை இழுத்துப் பிடிக்கிற கம்பியையும் பார்த்தான். "ஸ்டே கம்பி தளந்து தொங்குது. ஒரு பயலும் பாக்கலையா?" என்றான். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். மண்டையைத் திறந்து மூடிய பிறகும் கண் கம்பி மேலேயே இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குழாயடிக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

டாக்டர் நஸீமா கட்டியின் பெயரைச் சொன்னார். மூளையில் வருகிறவற்றிலேயே பொல்லாததாம். எட்டுகிற மட்டும் எடுத்தாயிற்று, வேர் உள்ளே இருக்கிறது, கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்றார். எவ்வளவு நாள் என்று ரோஸ்லின் மதினி கேட்டாள். டாக்டர் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வரை சர்ச் ஆட்கள். ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். வீட்டில் இருப்பது அண்ணன், மதினி, நான் என்று மூன்றே பேர். இத்தனை பழத்தை யார் தின்பது? அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "கல்யாணத்துக்கு முந்தியே எனக்கு ஒரு பிள்ளை உண்டு, பேரு ஹெப்சி" என்று அண்ணன் என்னைக் காட்டிச் சொல்வான். அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தெட்டு வயது.

ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்தோம். அவனுக்கு வலது கை இன்னும் சரியாக வரவில்லை. இடது கையால் என் மாத்திரையைப் பிரித்து என் தட்டோரத்தில் வைத்தான். "ஏட்டி, ஃபியூஸ் போட்டுக்கோ."

இருபத்திரண்டு வயதில் எனக்குப் புத்தி பேதலித்தது. தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன் என் பெயரைச் சொல்லிப் பேசியது. அம்மா சோற்றில் விஷம் வைக்கிறாள் என்று நம்பினேன். அப்பா என்னைப் பேயோட்டுகிற ஒரு ஜெபவீட்டில் கொண்டுபோய் விடப் பார்த்தார். "அவ கால்ல சங்கிலி விழுந்தா நான் இந்த வீட்டு வாசல் ஏற மாட்டேன்" என்று அப்பாவோடு சண்டை போட்டு, அண்ணன்தான் என்னைச் சிதம்பரநாதன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து தினமும் ஒரு மாத்திரை, அவன் கையால், என் தட்டோரத்தில். விருந்தாளிகள் முன்னால் மாத்திரை என்று சொல்ல முடியாது அல்லவா? அதற்குத்தான் இந்த ஃபியூஸ்.

தலையில் தையலோடு வந்த அன்றும் அவன் அதை மறக்கவில்லை.

ஜனவரி 31, புதன்

சர்ச் பாடகர் குழுவுக்கு ஈஸ்டருக்குள் வெள்ளை அங்கிகள் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் வேலை முடிந்துவிடும். கை வேலைதான் பாடு. மாத்திரை புத்தியைத் தந்தது, கூலியாகக் கை நடுக்கத்தையும் தந்தது. ஊசியில் நூல் கோர்க்க என்னால் ஆகாது. வேலைக்குப் போகுமுன் அண்ணன் அஞ்சாறு ஊசியில் நூல் கோர்த்து என் தையல் மெத்தையில் குத்தி வைத்துவிட்டுப் போவான்.

இன்று அவனும் முயன்றான். கை சொன்னபடி கேட்கவில்லை. நடுங்குகிற ஒருத்தியும் வலுவில்லாத ஒருத்தனும் ஒரே ஊசியோடு மல்லுக்கட்டினோம். நூலை எச்சில் பண்ணியதுதான் மிச்சம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

இன்றைய கதிர்வீச்சு முடிந்து வந்ததும் டாக்டர் நஸீமா எங்கள் மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். "ஒரு பழைய மாத்திரை இருக்கு. கட்டிக்குன்னு வந்தது இல்ல. மனநோய்க்கு ரொம்ப வருஷமா குடுக்கிறது. அது இந்த மாதிரிக் கட்டியையும் கொஞ்சம் அடக்குமான்னு இப்ப பாக்கிறாங்க" என்றார்.

மதினிக்கு முகம் செத்துவிட்டது. "அது கிறுக்கு மாத்திரைல்லா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, நான் பக்கத்தில் இருப்பது அப்புறம் ஞாபகம் வந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "மூளைக்கு ஒரு காவல் இருக்கும்மா. ரத்தத்துல வர்ற எல்லா மருந்தையும் உள்ள விடாது. கட்டிக்குன்னு செஞ்ச எத்தனையோ மருந்து வாசல்லயே நின்னுடும். மனநோய் மருந்துக்கு அந்த வாசல் தெரியும். அதான் யோசிக்கிறாங்க. ஆனா ஒண்ணு, ஆய்வகத்துல பாத்ததுதான் அதிகம், மனுஷங்ககிட்ட இப்பத்தான் ஆரம்பம். குணமாகும்னு நான் சொல்ல மாட்டேன். மத்த வைத்தியத்தோட சேத்துக் குடுக்கலாம், இருதயத்தைப் பாத்துக்கணும். உங்களுக்கு இஷ்டம்னா."

மாத்திரையின் பெயரைச் சொன்னார். அது என் மாத்திரை.

அண்ணன் அந்தக் கட்டுத் தலையோடு வாய்விட்டுச் சிரித்தான். "ஏட்டி, உன் ஃபியூஸை எனக்கும் போடச் சொல்லுதாவ!" டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் விளக்கவும் இல்லை. "போடுங்க டாக்டர். என் தங்கச்சிய ஆளாக்குன மாத்திரை. எனக்கு ஒண்ணும் கேடு செய்யாது" என்றான்.

இத்தனை வருஷத்தில் வெளியாள் ஒருவர் முன்னால் அவன் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. மருத்துவமனை வாசலில் மதினி என் காதோரம், "சர்ச்சுல ஒருத்தர்ட்டயும் இதச் சொல்லிராத என்னா" என்றாள். தலையாட்டினேன். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் வாயை அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி 8, வியாழன்

இரண்டு தட்டு, இரண்டு மாத்திரை. அவன் என் தட்டில் வைத்தான், நான் அவன் தட்டில் வைத்தேன்.

இந்த ஒரு விஷயத்தில் நான்தான் அவனுக்கு மூத்தவள். வாய் உலரும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள். படுக்கையிலிருந்து விசுக்கென்று எழுந்திருக்காதே, கண் இருட்டும். காலையில் மந்தமாக இருக்கும், பயப்படாதே. எல்லாம் சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் நோயில் எனக்குச் சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

பிப்ரவரி 11, ஞாயிறு

வருகிற புதன் சாம்பல் புதன். லெந்து நாட்கள் தொடங்குகின்றன. ஈஸ்டர் வரை ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். எதிர் வரிசை வீட்டு ஜாய்ஸ் அக்கா கறியை விடுகிறாளாம். விட்டு, மீன் தின்பாள். போன வருஷம் சீரியலை விட்டவள் ஈஸ்டர் அன்று விட்ட கதையை எல்லாம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

எங்கள் போதகர் ஐயர் பிரசங்கத்தில் சொன்னார்: "சுலபமானதை விடாதீங்க. எது உங்களைத் தாங்குதோ அதை விடுங்க. அப்பத்தான் உண்மையில யாரு தாங்குறாங்கன்னு தெரியும்."

எனக்குக் கறி மேல் ஆசை இல்லை. பூ வைப்பதில்லை. என்னைத் தாங்குவது எது என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

விட்டுவிட்டேன்.

யாரிடமும் சொல்லப் போவதில்லை, ஆகையால் இங்கே எழுதுகிறேன். அண்ணன் வழக்கம்போல் வைத்தான். வாயில் போட்டேன், நாக்குக்கு அடியில் ஒதுக்கினேன், கை கழுவும்போது துப்பிவிட்டேன். ஆண்டவரே, ஈஸ்டர் வரை எனக்கு இது வேண்டாம். இந்த மாத்திரைக்கு உள்ள பலன் எல்லாம் இத்தனை வருஷமாக எனக்கே செலவாகிவிட்டது. ஒரே வீட்டில் ஒரே மருந்து இரண்டு பேரை எப்படித் தாங்கும்? என் பங்கையும் அவனுக்கே கொடும். நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்துவிட்டேன்.

படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கறியை விடுகிறவளைப் பார்த்து அவர்கள் சிரிப்பதில்லையே.

பிப்ரவரி 21, புதன்

ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கை நடுக்கம் நின்றுவிட்டது!

இன்று காலை ஊசியை வெளிச்சத்தில் பிடித்தேன், நூல் ஒரே தடவையில் உள்ளே போயிற்று. நம்பாமல் உருவிவிட்டு மறுபடி கோர்த்தேன். மறுபடியும் போயிற்று. ஒரே மூச்சில் நான்கு அங்கிக்குக் கீழ் மடிப்பு அடித்துவிட்டேன். சாளைமீன் குழம்பு இத்தனை ருசி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அண்ணனுக்கு இப்போது விரல் நடுங்குகிறது. தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். என்னை விட்டது அவனிடம் போயிருக்கிறது. மருந்து இடம் மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

மார்ச் 4, திங்கள்

தூக்கம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பரண் முழுவதும் ஒழுங்குபடுத்திவிட்டேன். டப்பாக்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மதினி, "எதுக்கு இப்பிடிக் கெடந்து அலையுத?" என்கிறாள். வேலை செய்தாலும் குற்றம்.

மார்ச் 9, சனி

என் அறையில் ஃபேனை அணைத்துவிட்டேன். வெக்கை ஒன்றும் அதிகமில்லை. சத்தம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

மதினி வந்து, "பாளையங்கோட்டை வெயில்ல ஃபேன் போடாமயா கெடக்க? சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு" என்று சுவிட்சைப் போட்டாள். அவள் போனதும் அணைத்தேன். அது வெறும் ஃபேன்தான், எனக்குத் தெரியும். பழசாகிவிட்டது, அதனால் சத்தம் போடுகிறது.

மார்ச் 13, புதன்

இனி என் சோற்றை நானே பொங்கிக்கொள்கிறேன். லெந்து உபவாசம் என்று சொல்லியிருக்கிறேன். உப்புப் போடும்போது மதினி என் முகத்தைப் பார்ப்பதில்லை. மூன்று நாளாகக் கவனிக்கிறேன்.

அண்ணனுக்கு வார்த்தைகள் தவறுகின்றன. தண்ணீர் என்பதற்குப் பதில் மீட்டர் என்கிறான். "மீட்டர் குடு" என்று கேட்டுவிட்டு, தானே தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறான். நாங்களும் சிரிக்கிறோம்.

மார்ச் 18, திங்கள்

ஸ்கேன். கட்டி வளரவில்லை!

டாக்டர் நஸீமா படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூடல. இப்போதைக்கு இதுவே நல்ல செய்தி."

"மாத்திரையினாலயா டாக்டர்?" என்றாள் மதினி.

"சொல்ல முடியாதும்மா. கதிர்வீச்சா இருக்கலாம், ரெண்டும் சேந்தும் இருக்கலாம். ஒரு ஆளை வெச்சு எதையும் சொல்லிட முடியாது."

என்னால் சொல்ல முடியும். சொல்லவில்லை. வாயைத் திறந்தால் பொருத்தனை போய்விடும். டாக்டருடைய அறையில் இருந்த ஃபேனும் சொல்லாதே என்றுதான் சொன்னது.

மார்ச் 21, வியாழன்

நான் மறுபடி மாத்திரை போட்டால் அவன் சாவான். தெளிவாகச் சொல்லிவிட்டது. அணைத்து வைத்தாலும் கேட்கிறது. ஈஸ்டரோடு முடியாது, மாத்திரையை ஆயுசு முழுக்க விட வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். மதினிக்குத் தெரியக் கூடாது.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. தெருவில் குருத்தோலை பிடித்துக்கொண்டு பிள்ளைகள் பவனி போனார்கள். எல்லாரும் எங்கள் வீட்டு சன்னலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மதினி பவனியோடு போயிருந்தாள். நான் அண்ணனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி அங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். நூல் தீர்ந்தது. புது நூலை எடுத்துக் கோர்த்தேன்.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி" என்றான். "அது... திரும்ப."

"எது?"

ஊசியைக் காட்டினான். நான் நூலை உருவிவிட்டு மறுபடி கோர்த்தேன். ஒரே தடவையில் போயிற்று. பெருமையாகத்தான் காட்டினேன்.

அவன் முகம் மாறியது. நடுங்குகிற கையை நீட்டி என் கையைப் பிடித்தான். விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எனக்கு நூல் கோர்த்துத் தந்தவன் அல்லவா? அவனுக்குத் தெரியாதா?

"நடுங்கலையே" என்றான். "ஏட்டி... நீ அது... போடலையா?"

ஃபியூஸ் என்ற வார்த்தை அவனுக்கு வரவில்லை. அவன் வைத்த பெயர், அவனுக்கே வரவில்லை. தட்டோரத்தில் எதையோ வைப்பதுபோல் கட்டில் விளிம்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல் புதன், ஐயர் சொன்னது, பொருத்தனை, ஸ்கேன் எல்லாம். என் பங்கு உனக்கு வருகிறது அண்ணே, அதனால்தான் கட்டி நின்றிருக்கிறது என்றேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

அவன் அழுதான். தலையில் ஆபரேஷன் என்று சொன்ன அன்று அழாதவன், தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்துச் சொன்னான்: "நீ போடாட்டி... நானும் போட மாட்டேன்."

மார்ச் 26, செவ்வாய்

சொன்னபடியே செய்கிறான். மாத்திரையை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறான். நான் கெஞ்சினேன், மதினி கெஞ்சினாள். விரலை நீட்டி என்னைக் காட்டுகிறான், அவ்வளவுதான்.

மதினிக்கும் இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். சட்டியிலிருந்து சோற்றைத் தட்டில் போட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து, என் முன்னால் வந்து உட்கார்ந்து முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டாள். மென்று விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீ என்னைய நம்பாட்டாலும் சரி. இதுல ஒண்ணுங் கெடயாது. எத்தன நாளா ஒழுங்காச் சாப்பிடல, மூஞ்சியப் பாரு."

நான் அவளைச் சந்தேகப்பட்டது அவளுக்கு எப்படித் தெரிந்தது? இங்கேதானே எழுதியிருந்தேன். என் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டாளாம். சாப்பிட்டேன். உப்புச் சரியாக இருந்தது.

மார்ச் 28, பெரிய வியாழன்

போட்டால் பொருத்தனை முறிந்து அவன் சாவான். போடாவிட்டால் மருந்து இல்லாமல் அவன் சாவான். எந்தப் பக்கம் போனாலும் அவன்தான் சாகிறான். ஆண்டவரே, இது என்ன கணக்கு?

வேண்டாம் வேண்டாம் என்கிறது. தலையணையால் காதைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் இன்றும் போடவில்லை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கோவிலில் மூன்று மணி நேர ஆராதனை ஒலிபெருக்கியில் கேட்டது. மத்தியானம் அண்ணனுக்குக் கஞ்சி கொடுக்கப் போனேன். ஸ்பூனைத் தள்ளிவிட்டு, என் கையில் எதையோ திணித்தான். அவனுடைய மாத்திரை. தலையணைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறான். தன் மருந்தை எனக்குத் தருகிறான்.

"பிள்ள" என்றான். "என்... பிள்ள."

எனக்குத் தாங்கவில்லை. ஃபேன் என்னவெல்லாமோ கத்தியது. கத்தட்டும் என்று மாத்திரையை வாயில் போட்டு, அவன் கஞ்சித் தண்ணீரைக் குடித்து விழுங்கினேன். நாக்கைத் தூக்கியும் காட்டினேன். பிறகு அவனுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாயைத் திறந்தான்.

ஈஸ்டர் வரைகூட முழுதாகக் காக்கவில்லை. ஆண்டவரே, கோபம் இருந்தால் அது என்மேல் மட்டும் இருக்கட்டும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மதினி என்னைச் சிதம்பரநாதன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தானே பெயர் சொல்லிச் சீட்டு வாங்கினாள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவள் முக்காடு போடவில்லை.

நெற்றி நிறையத் திருநீறோடு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "எங்க சாமி மொட்டை கேக்கும், பால்குடம் கேக்கும். மாத்திரை கேட்டு நான் பாத்ததில்ல. உங்க சாமி மட்டும் கேக்குமா ஹெப்சி?" என்றார். நான் சிரிக்கவில்லை. "சரியாக நாளாகும். கேக்கிற குரல் மெதுவாத்தான் அடங்கும். அதுவரைக்கும் அது என்ன சொன்னாலும் மதினிட்ட வந்து சொல்லு" என்றார். அண்ணனுக்கும் எனக்கும் அளவு ஒன்றுதானா என்று மதினி கேட்டாள். ஒன்றேதான் என்றார்.

ஏப்ரல் 19, வெள்ளி

குரல் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு வந்துவிட்டது. வார்த்தை பிடிபடவில்லை. கை மறுபடி நடுங்குகிறது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தன் நடுங்குகிற கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்து, "போட்டி" என்றான். யார் கை அதிகம் நடுங்குகிறது என்று போட்டியாம். நான்தான் ஜெயித்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஸ்கேன். கட்டி வளர்ந்திருக்கிறது. இரண்டாவது இடத்திலும் வந்திருக்கிறது.

நான் போட்டதால்தான். டாக்டர் நஸீமாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தக் கட்டி யாருக்கும் இரக்கம் காட்டினது இல்லம்மா. அந்த மாத்திரை உங்க அண்ணனுக்குக் கொஞ்ச நாள் குடுத்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்கு இத்தனை வருஷம் குடுத்திருக்கு. அது எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன். இன்னும் நம்பவில்லை.

வீட்டில் அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். வீட்டு வார்த்தைகள் எல்லாம் அவனை விட்டுப் போய்விட்டன, வேலை வார்த்தைகள் மட்டும் அங்கங்கே மிச்சம் இருக்கின்றன. தன் தலையைத் தொட்டுக் காட்டிச் சொன்னான்: "லைனே போச்சுட்டி. ஃபியூஸ்... என்ன செய்யும்?"

தொலைந்த அந்த வார்த்தையை எனக்காக எங்கிருந்தோ தேடி எடுத்திருக்கிறான். அவன் மடியில் தலையை வைத்து அழுதேன். அவன் கை என் தலைமேல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மே 14, செவ்வாய்

அண்ணனால் இனி விழுங்க முடியாது. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மீதி அட்டைகளை மதினி என் டப்பாவில் அடுக்கி வைத்தாள்.

மே 22, புதன்

நாங்கள் சாப்பிடும்போது அவனுடைய கட்டிலையும் கூடத்துக்கு நகர்த்திக்கொள்கிறோம். இன்று என் தட்டு வந்ததும் அவன் இடது கை போர்வைக்கு மேல் நகர்ந்தது. ஆள்காட்டி விரலும் பெருவிரலும் எதையோ பிரித்தன. பேச்சில்லை, கண் பாதி மூடியிருக்கிறது, அந்தக் கை மட்டும் தன் வேலையைச் செய்தது. மதினி அவன் விரல்களுக்கு நடுவில் மாத்திரையை வைத்தாள். நான் தட்டை அவன் கைக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடித்தேன்.

ஜூன் 3, திங்கள்

காலையில் அண்ணன் போய்விட்டான்.

ஜூன் 6, வியாழன்

நேற்று அடக்கம் முடிந்தது. மின்வாரியத்து ஆட்கள் வந்து, எதிர்க் கம்பத்தின் ஸ்டே கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். அவன் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

இன்று ராத்திரி கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஜாய்ஸ் அக்கா எனக்கு எதிரே இருந்தாள். தட்டில் சோறு விழுந்தது, ரசம் விழுந்தது. நான் தட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா அறையில் இருக்கிறது, எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம். எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவனே போன பிறகு நான் எதற்குச் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

மதினி வந்தாள். வெள்ளைப் புடவையில், அழுது வீங்கிய முகத்தோடு, அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து வந்து என் பக்கத்தில் குனிந்தாள். அண்ணனுடைய மீதி அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து என் தட்டோரத்தில் வைத்தாள்.

"என்ன மாத்திர ரோஸ்லின் அது?" என்றாள் ஜாய்ஸ் அக்கா. அவள் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம்.

மதினி ஃபியூஸ் என்று சொல்லவில்லை. நிமிர்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மனசுக்குப் போடுத மாத்திர. தெனமும் அவுகதான் எடுத்து வப்பாவ. இனி நான் வப்பேன்."

டம்ளரைத் தூக்கும்போது தண்ணீர் பாதி சிந்திவிட்டது. விழுங்கினேன். நான் விழுங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. யூனிபார்ம் தையல் வந்து குவிந்து கிடக்கிறது. மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அஞ்சாறு ஊசியில் நூல் கோர்த்து, என் தையல் மெத்தையில் குத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.